அரை மணி நேரம்தான் இருக்கிறது: நடையா, தியானமா, ஷட்டிலா, எழுத்தா, தூக்கமா?

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஆண்களிடமிருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. "மனசு சரியில்லை, பெரிய காரணம் என்று எதுவும் இல்லை, டாக்டரிடம் போகிற அளவுக்கு ஒன்றும் முற்றிவிடவில்லை, ஆனால் தினமும் எதையாவது செய்தால் தேவலை என்று இருக்கிறது. வாக்கிங் போகட்டுமா, தியான வகுப்பில் சேரட்டுமா, இல்லை பக்கத்துத் தெருவில் ஷட்டில் ஆடுகிறவர்களோடு போய் நிற்கட்டுமா?" கேட்பவர் வங்கி ஊழியராக இருக்கலாம், திருப்பூரில் சின்னதாக ஒரு யூனிட் நடத்துபவராக இருக்கலாம், பள்ளி ஆசிரியராக இருக்கலாம். நிலைமை பெரும்பாலும் ஒன்றுதான். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், வீட்டுக் கடனில் பாதி பாக்கி, போன வருட ரத்தப் பரிசோதனையில் தலைகாட்டிய சர்க்கரை. கையில் இருப்பது காலையில் அரை மணி நேரம், அதுவும் மோட்டார் போட்டு, பால் பாக்கெட் எடுத்து உள்ளே வைத்தது போக.

அந்த அரை மணிக்குள் எல்லாவற்றையும் திணிக்க முடியாது, ஒன்றைத்தான் எடுக்கலாம். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வயது ஆண்கள் தங்களுக்கு எது குறைகிறதோ அதை விட்டுவிட்டு, ஏற்கெனவே நிறைய இருப்பதையே இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறார்கள். பேச ஆளில்லாமல் தவிப்பவர் தனியாக நடக்கப் போகிறார். ராத்திரி ஐந்து மணி நேரம்கூடத் தூங்காதவர் விடிகாலை நாலரைக்கு அலாரம் வைத்துத் தியானம் செய்கிறார். தினமும் செய்தும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்பவர்களில் பலரிடம் கோளாறு இங்கேதான் இருக்கிறது.

## முதலில், பழக்கத்தால் தீராத விஷயங்கள்

ஒப்பீட்டுக்குள் போகும் முன் ஒன்றைப் பிரித்து வைத்துவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் கிட்டத்தட்ட தினமும் மனம் கனமாக இருக்கிறது, முன்பு பிடித்த எதிலும் ஆசை இல்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, வேலை கெடுகிறது என்றால் அது வாக்கிங் போய்ச் சரிசெய்கிற விஷயம் கிடையாது, டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம். ஆண்களிடம் இது அழுகையாக வெளிவருவது குறைவு. எரிந்து விழுவது, வண்டியைத் தாறுமாறாக ஓட்டுவது, வழக்கத்தைவிட ஒரு ரவுண்டு கூடுதலாகக் குடிப்பது, காரணம் பிடிபடாத முதுகுவலி, இப்படித்தான் வரும். வீட்டில் இருப்பவர்களும் "இவருக்கு வர வர கோபம் ஜாஸ்தி" என்று அதைக் குணத்தில் சேர்த்துவிடுவார்கள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். பத்தில் ஏழு பேர் ஆண்கள், மாநில வரிசையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. இதைச் சொல்வது பயமுறுத்த இல்லை. சாவைப் பற்றிய எண்ணம் வந்துபோனால் அந்த நிமிடமே 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம், 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, 24 மணி நேரமும் உண்டு, காசு இல்லை, தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்றும் உண்டு. சர்க்கரைக்காகப் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். சோர்வு, காலில் மதமதப்பு, மனம் மந்தமாக இருப்பது எல்லாம் அதிலிருந்தே வரலாம். தைராய்டு குறைந்தாலும் இதே கதைதான். ரத்தப் பரிசோதனை ஒன்றில் தெரிந்துவிடுகிற விஷயத்துக்கு ஆறு மாதம் பிராணாயாமம் செய்துகொண்டிருக்க வேண்டாம்.

## எதை வைத்து எடை போடுவது

என் கணக்கில் ஐந்து கேள்விகள்.

மோசமான நாளிலும் செய்ய முடியுமா? மனம் நன்றாக இருக்கிற நாளில் எதையும் செய்யலாம். எழுந்திருக்கவே பிடிக்காத நாளில் எது நடக்கும் என்பதுதான் கேள்வி. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வில், ஒரு பழக்கம் யோசிக்காமல் தானாக நடக்கிற நிலைக்கு வர நடுவாந்தரமாக 66 நாள் ஆனது, ஆனால் ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை போனது. ‘21 நாளில் பழக்கம்’ என்று ஃபார்வர்ட் ஆகி வருவதை நம்பி 22ஆம் நாள் மனம் உடைய வேண்டாம்.

பலன் எப்போது தெரியும்? சிலது அன்றைக்கே தெரியும், சிலதுக்கு மாதக்கணக்கு.

மறைந்திருக்கும் செலவு என்ன, அதை யார் கொடுக்கிறார்கள்? பணம் மட்டும் செலவு கிடையாது. நீங்கள் ஐந்தரைக்கு ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினால் அந்த நேரத்தில் டிபன் பாக்ஸ், பிள்ளையை எழுப்புவது, பள்ளி வேன் எல்லாம் யார் தலையில் விழுகிறது? பெரும்பாலான வீடுகளில் இந்த விலையை மனைவிதான் கொடுக்கிறார், அதுவும் சொல்லாமல். சொல்ல ஆரம்பிக்கும்போது பழக்கம் நின்றுவிடும்.

உடம்பு இடம் கொடுக்குமா? முட்டி, பிபி, சர்க்கரை.

இன்னொரு மனிதர் இருக்கிறாரா? இதை நான் கடைசியில் வைத்தாலும் எடையில் இதுதான் முதல். ஹார்வர்டில் 1938இல் 724 ஆண்களோடு தொடங்கி இன்றுவரை நடந்துகொண்டிருக்கும் ஆய்வு ஒன்று இருக்கிறது. ஐம்பது வயதில் தன் உறவுகளில் நிறைவாக இருந்தவர்கள்தான் எண்பதில் அதிக ஆரோக்கியத்தோடு இருந்தார்கள், ஐம்பது வயதின் கொலஸ்ட்ரால் அளவைவிட இது நன்றாகக் காட்டிக்கொடுத்தது என்று அந்த ஆய்வை நடத்துபவர்கள் சொல்கிறார்கள். கொலஸ்ட்ரால் டெஸ்டுக்கு நாம் வருடா வருடம் போகிறோம். கடைசியாக ஒரு நண்பரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியது எப்போது என்று கேட்டால் கல்லூரி வாட்ஸ்அப் குழுவைக் காட்டுகிறோம், அதில் தினமும் வருவது குட்மார்னிங் படமும் பிறந்தநாள் கேக்கும்தான்.

## 1. காலை நடை

எல்லாரும் முதலில் கை வைப்பது இதில்தான், காரணமும் இருக்கிறது. மருந்துச் சீட்டு வேண்டாம், வகுப்பு வேண்டாம், ஒரு நல்ல ஷூ இருந்தால் போதும். 2024இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 218 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு பெரிய அலசல் வந்தது. மனச்சோர்வு உள்ளவர்களுக்கு நடை அல்லது ஓட்டம், யோகா, எடை தூக்கும் பயிற்சி மூன்றும் குறிப்பிடத்தக்க பலன் தந்திருக்கின்றன, வேகம் கூடக்கூடப் பலனும் கூடியிருக்கிறது. அந்த ‘வேகம்’ என்கிற இடத்தில்தான் நம் ஊர் வாக்கிங் தோற்றுப்போகிறது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணி. அவ்வளவுதான். தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று எல்லா மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்தது, நல்ல விஷயம்தான், ஆனால் 8 கிலோமீட்டரை நினைத்தே பலர் படுத்துவிடுவார்கள். பாதையில் ஒரு பகுதியை நடந்தாலும் கணக்கில் சேரும்.

வெளிச்சம் இன்னொரு லாபம். காலை வெயில் கண்ணில் படுவது இரவுத் தூக்கத்தின் நேரத்தைச் சரிசெய்து கொடுக்கும். டிரெட்மில்லில் இது கிடையாது, அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் கார்களுக்கு நடுவே சுற்றுகிறவர்களுக்கும் கிடையாது.

இனி மறைந்திருக்கும் செலவுக்கு வருவோம். ஏதாவது ஓர் அரசுப் பள்ளி மைதானத்தில் காலை ஆறு மணிக்குப் போய் நின்று பாருங்கள். நாலு பேரில் ஒருவர் போனில் பேசிக்கொண்டே நடப்பார், அதுவும் சைட்டில் சிமெண்ட் வரவில்லை என்று யாரையோ திட்டிக்கொண்டு. இன்னொருவர் காதில் இயர்போன், அதில் செய்தி விவாதம். மூன்றாமவர் ஒன்றும் இல்லாமல் தனியாக நடப்பார், ஆனால் உதடு அசைந்துகொண்டிருக்கும். மேனேஜர் நேற்று சொன்னதற்கு இன்றைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். தனி நடையின் பெரிய ஆபத்து இதுதான்: கால் முன்னால் போகும், மனம் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். ஏற்கெனவே ஒரே விஷயத்தை அசைபோடுகிற ஆளுக்கு நாற்பது நிமிடத் தனிமையை இலவசமாகக் கொடுப்பது எப்போதும் நல்லதாக முடிவதில்லை.

சில்லறைச் செலவுகளும் உண்டு. தெருநாய், ஐப்பசி மழை, நடை முடிந்ததும் டீக்கடையில் இரண்டு மெதுவடை. இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர் வெறும் வயிற்றில் வேகமாக நடந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம், சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். ஷூ கடித்தால் மாற்றிவிடுங்கள், சர்க்கரைக்காரர்களுக்குக் கால் புண் விளையாட்டு விஷயம் கிடையாது.

நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவர், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பவர், மனச்சோர்வு லேசாக எட்டிப்பார்க்கிறவர், இவர்களுக்கு நடையைவிடச் சிறந்த ஆரம்பம் எனக்குத் தெரியவில்லை. கூட ஓர் ஆள் இருந்தால் அது வேறு தரம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

## 2. மூச்சுப் பயிற்சி, தியானம்

மோசமான நாள் என்ற கேள்வியில் இதுதான் ஜெயிக்கிறது. படுக்கையில் உட்கார்ந்தபடியே செய்யலாம். 2023இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் ஒரு மாதம் தினம் ஐந்தே நிமிடம் என்று சிலரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். மூக்கால் ஆழமாக இழுத்து, மேலே இன்னும் கொஞ்சம் இழுத்து, வாய் வழியாக நீளமாக விடுவது. சும்மா கவனித்து உட்காரும் தியானத்தைவிட இதைச் செய்தவர்களின் மனநிலை அதிகம் மேம்பட்டிருந்தது. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு இறங்கும், சூட்சுமம் அவ்வளவுதான்.

இதற்கு நான் சிபாரிசு செய்கிற நேரம் காலை இல்லை. மாலையில் வேலையிலிருந்து வந்து பைக்கை ஸ்டாண்ட் போட்டதும், ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்துவிட்டு அங்கேயே ஐந்து நிமிடம். ஆபீஸ் எரிச்சலைப் படியேற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பிள்ளையின் ரேங்க் கார்டு மேல் கொட்டுகிற ஆட்களுக்கு இந்த ஐந்து நிமிடம் செய்கிற உபகாரம் பெரியது.

முறையாகக் கற்க வேண்டுமென்றால் நம் ஊரில் வழிகளுக்குப் பஞ்சம் இல்லை. ஆழியாறைத் தலைமையிடமாகக் கொண்ட மனவளக்கலை மன்றங்கள் சின்ன ஊர்களில்கூட இருக்கின்றன, விபாசனா முகாம்கள் இருக்கின்றன, மாநகராட்சிப் பூங்காவில் யாராவது ஒருவர் பாய் விரித்துச் சொல்லித்தருவார். ஆனால் சில இடங்களில் அடிப்படை வகுப்பு முடிந்ததும் அடுத்த நிலை, அதற்கு அடுத்த நிலை, மூன்று நாள் முகாம், நன்கொடை என்று படிக்கட்டு நீண்டுகொண்டே போகும். முதல் படியிலேயே உங்கள் தேவை தீர்ந்துவிட்டதா என்று நின்று பார்ப்பதில் தவறில்லை.

செலவு வேறு வகையிலும் உண்டு. பிபி கட்டுப்பாட்டில் இல்லாதவரும் இதய நோயாளியும் கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேகமான மூச்சுகளையும் நீண்ட நேரம் மூச்சடக்குவதையும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. சிலருக்குக் கண்ணை மூடி உட்கார்ந்தாலே படபடப்பு கூடும், பழைய விஷயங்கள் மேலே வரும். அது நீங்கள் செய்வதில் உள்ள குறை கிடையாது, உங்களுக்கு இப்போது பொருந்தவில்லை என்பதுதான். கடைசியாக ஒன்று. "அப்பா தியானத்துல இருக்கார், சத்தம் போடாத" என்று ஒரு வீடே முணுமுணுப்பில் வாழ வேண்டியிருந்தால், அந்த அமைதியை நீங்கள் வீட்டாரிடமிருந்து வசூல் செய்கிறீர்கள்.

## 3. ஷட்டில், அல்லது எந்தக் கூட்டமானாலும்

நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான். ஷட்டில் என்று தலைப்பு வைத்தாலும் வாலிபால், கேரம், கோயில் உழவாரப் பணி, நூலக வாசகர் வட்டம், தேவாலயப் பாடகர் குழு எல்லாம் இதில் அடக்கம். விதி ஒன்றுதான்: குறித்த நேரம், அதே ஆட்கள், கையில் ஒரு வேலை.

கையில் வேலை என்பது முக்கியம். இரண்டு ஆண்களை எதிரெதிரே உட்காரவைத்து "மனசுல என்ன இருக்கு, சொல்லு" என்றால் பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசுவார்கள். அதே இருவர் ஒரு வலையைக் கட்டும்போது, ஒரு வண்டியைப் பிரிக்கும்போது பேசிவிடுவார்கள். ஆஸ்திரேலியாவில் மென்ஸ் ஷெட் என்று ஓர் இயக்கமே இதை வைத்து வளர்ந்திருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்கள் ஒரு கொட்டகையில் கூடி மரவேலை, பழுதுபார்ப்பு என்று ஏதாவது செய்வார்கள். ஆண்கள் முகம் பார்த்துப் பேச மாட்டார்கள், தோளோடு தோள் நின்றுதான் பேசுவார்கள் என்பது அவர்களுடைய வாசகம்.

நம் ஊர் ஷட்டில் கோர்ட்டைப் பாருங்கள். முந்தைய இரவே குழுவில் "நாளைக்கு யார் யார்?" என்று செய்தி வரும், கட்டைவிரல்கள் விழும். காலையில் நாலு பேர் சேர்ந்ததும் டபிள்ஸ், மிச்சப் பேர் ஓரத்து பெஞ்சில். விளையாட்டு கோர்ட்டில் நடக்கிறது, மருத்துவம் அந்த பெஞ்சில்தான் நடக்கிறது. வேர்வை துடைத்துக்கொண்டு, கண் ஷட்டில் மேலேயே இருக்க, "அம்மாவுக்கு மறுபடியும் அட்மிஷன் போட்டிருக்கு" என்று ஒருவர் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் "எந்த ஆஸ்பத்திரி?" என்பார். அவ்வளவுதான் உரையாடல். ஆனால் அன்று மாலை அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து நிற்பார். இரண்டு நாள் நீங்கள் வராவிட்டால் மூன்றாம் நாள் போன் வரும். தனியாக நடக்கிறவருக்கு அந்த போன் வராது, தியானம் செய்கிறவருக்கும் வராது. மோசமான நாளில் எழுந்து போகவைப்பதும் அதுவே, "மூணு பேர் நிற்கிறோம், ஒரு ஆள் குறையுது" என்ற செய்திக்கு இருக்கிற வலு எந்த அலாரத்துக்கும் இல்லை.

சரி, விலை? ஐந்தில் இதற்குத்தான் விலை அதிகம். கோர்ட் மாதக் கட்டணம், ராக்கெட், கம்பி அறுந்தால் மறுபடி கட்டுவது, ஷட்டில் பங்குக் காசு. இறகு ஷட்டில் ஒரு ஆட்டத்திலேயே பிய்ந்துபோகும் என்பதால் பெரும்பாலான குழுக்கள் நைலானில்தான் ஓடுகின்றன. அதைவிட உடம்பு விலை பெரிது. இருபது வருடம் எதுவும் ஆடாமல் இருந்துவிட்டு நேராகக் கோர்ட்டில் இறங்கி ஒரு ட்ராப்புக்குப் பாய்கிற நாற்பத்தெட்டு வயதுக்காரரின் குதிகாலுக்கு மேலே ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும், யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி இருக்கும். குதிநாண் அறுந்த சத்தம் அது. மாதக்கணக்கில் கட்டு. பத்து நிமிடம் வார்ம் அப் செய்யாமல் இறங்காதீர்கள், சிமெண்ட் தரையைவிட மரத்தரையோ சிந்தடிக் விரிப்போ உத்தமம், நெஞ்சுவலி வரலாறு இருந்தால் டாக்டர் அனுமதி இல்லாமல் வேண்டவே வேண்டாம்.

கூட்டம் என்றாலே சண்டையும் உண்டு, லைன் உள்ளேயா வெளியேயா என்பதில் நாலு நாள் பேசாமல் இருக்கிற ஐம்பது வயதுக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மாலைக் குழுவாக இருந்தால் ஆட்டம் முடிந்து நேராக பாருக்குப் போகிற வழக்கம் ஒட்டிக்கொள்ளும். குடியைக் குறைக்க நினைப்பவர் காலைக் குழுவில் சேர்வது நல்லது.

## 4. எழுதிவைப்பது

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1986இல் அமெரிக்காவில் பென்னபேக்கர், பீல் என்ற இருவர் மாணவர்களை நாலு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்களை அதிகம் பாதித்த விஷயத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுதிய அன்று மனம் இன்னும் பாரமானது, ஆனால் அடுத்த மாதங்களில் டாக்டரிடம் போகும் தேவை குறைந்தது. அதற்கப்புறம் நிறைய ஆய்வுகள் வந்திருக்கின்றன, சராசரியாகப் பலன் சிறியதுதான்.

நம் ஆட்களில் உட்கார்ந்து டைரி எழுதுகிறவர்கள் குறைவு, அது ஒரு பக்கம். எழுதினால் யாராவது படித்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது, இரண்டு அறை வீட்டில் ரகசிய நோட்டு என்பது நடக்காத காரியம். எழுதிக் கிழித்துப் போடலாம், பலன் எழுதுவதில்தான் இருக்கிறது. இது நிஜமாகவே உதவுவது பணக் கவலையில். மொத்தக் கடன் எவ்வளவு, யாருக்கு எப்போது, எது வட்டி அதிகம் என்று ஒரு தாளில் இறக்கிவைக்கும் வரை அந்தக் கவலை எண்ணாகவே இருக்காது, இருட்டாக இருக்கும். நகைக்கடன், கைமாற்று, கிரெடிட் கார்டு மூன்றையும் மனதிலேயே வைத்துக்கொண்டிருப்பவர் இன்றைக்கே எழுதலாம்.

## 5. தூக்கத்துக்கு ஒரு நேரம்

புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை என்பதால் இது யாருக்கும் பழக்கமாகத் தெரிவதில்லை. எந்த நாளானாலும் ஒரே நேரத்துக்கு எழுவது, போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுவது. இரண்டே விஷயம்தான். அலாரத்துக்குப் பழைய மேஜைக் கடிகாரம் போதும்.

மகன் ஹாஸ்டலில், அம்மா ஊரில், போன் எப்படித் தள்ளிவைப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஹாலில் சத்தம் கேட்கிற மாதிரி வையுங்கள், அழைப்பு மணி மட்டும் அடிக்கட்டும். ராத்திரி பத்தே முக்காலுக்கு ஆபீஸ் குழுவில் வருகிற "நாளை ரிப்போர்ட் ரெடியா?" என்ற செய்தி படுக்கையில் எட்டும் தூரத்தில் இருந்தால், நீங்கள் பதில் போடாவிட்டாலும் மூளை போட்டுக்கொண்டிருக்கும்.

இந்த வயதில் தூக்கத்தோடு பேச வேண்டிய இன்னொரு ஆசாமி இருக்கிறார். எந்தக் கட்டுரையும் ஒப்பீட்டில் சேர்க்காத, ஆனால் பல ஆண்கள் நடைமுறையில் தேர்ந்தெடுத்திருக்கும் ஆறாவது வழி: மாலையில் டாஸ்மாக். குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும் என்பது உண்மை. போதை இறங்க இறங்கப் பின்னிரவில் தூக்கம் துண்டு துண்டாக உடையும் என்பதும் உண்மை, மூன்று மணிக்கு விழிப்பு, நெஞ்சுப் படபடப்பு, கடன் ஞாபகம். அடுத்த நாள் சோர்வு, அதற்கு மறுபடி மாலை. தினமும் நிறையக் குடிக்கிறவர் இதைப் படித்துவிட்டு ஒரே நாளில் நிறுத்திவிடவும் கூடாது, நடுக்கம், வலிப்புவரை போகலாம், டாக்டர் துணையோடு குறைக்க வேண்டும்.

குறட்டை பலமாக இருந்து, நடுவே மூச்சு நின்று திணறுவதாக மனைவி சொன்னால், பகலில் மீட்டிங்கிலேயே தலை தொங்கினால், அது தூக்கத்தில் மூச்சடைப்பாக இருக்கலாம். பிபி மாத்திரைக்கு அடங்காமல் இருப்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அதற்குப் பரிசோதனை உண்டு, சிகிச்சை உண்டு, தியானம் கேட்காது. இரவு ஷிப்ட்காரர்களுக்கும் லாரி ஓட்டுநர்களுக்கும் ‘ஒரே நேரம்’ என்ற அறிவுரை கேலி மாதிரிதான் இருக்கும். அவர்கள் இருட்டறையும் ஒரே நீளத் தூக்கமும் கிடைக்கிற மாதிரி பார்த்துக்கொண்டால் போதும்.

## ஒரே பார்வையில்

| பழக்கம் | மோசமான நாளில் | பலன் தெரிய | கைக்காசு | மறைந்திருக்கும் செலவு | கூட ஆள் |
|---|---|---|---|---|---|
| நடை | பாதி நாள் நடக்கும் | சில வாரம், கொஞ்சம் அன்றைக்கே | ஷூ | அசைபோடல், மனைவியின் காலை நேரம் | சேர்த்துக்கொண்டால் உண்டு |
| மூச்சு, தியானம் | நடக்கும் | மூச்சு உடனே, தியானம் மாதங்கள் | இல்லை, வகுப்பானால் உண்டு | சிலருக்குப் படபடப்பு, வீட்டார் மேல் கெடுபிடி | இல்லை |
| ஷட்டில், கூட்டம் | ஆள் அழைத்தால் நடக்கும் | அன்றைக்கே | ஐந்தில் அதிகம் | அடிபடுதல், சண்டை, ஆட்டத்துக்குப் பின் குடி | நிச்சயம் |
| எழுத்து | கஷ்டம் | முதலில் பாரம், அப்புறம் லேசு | நோட்டு | யாராவது படிப்பது | இல்லை |
| தூக்க நேரம் | நடக்கும் | ஓரிரு வாரம் | இல்லை | இரவு சீரியலையும் ரீல்ஸையும் விட வேண்டும் | இல்லை |

## யாருக்கு எது

ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்குகிறவர் மற்ற நாலையும் மறந்துவிட்டு ஐந்தாவதிலிருந்து தொடங்க வேண்டும். தூக்கத்தை வெட்டி வாக்கிங் போவது ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவதுதான்.

கோபக்காரர், பிபிக்காரர், அடிக்கடி நெஞ்சு படபடக்கிறது என்பவர் (இதய டாக்டர் ‘ஒன்றும் இல்லை’ என்று சொன்ன பிறகு) மாலை ஐந்து நிமிட மூச்சு. இதில் செலவே இல்லை என்பதால் வேறு எதோடும் சேர்த்துக்கொள்ளலாம். பணக் கவலை மட்டும்தான் என்பவருக்குத் தாளும் பேனாவும்.

விருப்ப ஓய்வு வாங்கியவர், வேலை போனவர், பிள்ளைகள் வெளியூர் போய் வீடு திடீரென்று காலியானவர், துபாயிலோ சிங்கப்பூரிலோ அறையில் தனியாக இருப்பவர், இவர்கள் எல்லாரும் யோசிக்காமல் மூன்றாவதுக்குப் போங்கள். முட்டி விடாது என்றால் கேரம் போர்டு. விளையாட்டே ஆகாது என்றால் ரத்ததானக் குழு, வாசகர் வட்டம், எது கிடைக்கிறதோ அது.

முடிவாக என்னுடைய சிபாரிசு கேட்டால், ஐந்தில் எதையும் தனியாக எடுக்க மாட்டேன்; ஓர் ஆளோடு சேர்ந்த நடை. நடையின் மலிவும் கூட்டத்தின் பிடிப்பும் ஒன்றாகக் கிடைக்கிறது, குதிநாணும் பிழைக்கிறது. பேசிக்கொண்டே நடந்தால் அந்த ‘பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது’ வேகமும் தானாகச் சோதிக்கப்பட்டுவிடும். ஆளைத் தேடுவதுதான் கஷ்டம் என்பார்கள். பெரிய நண்பர் வேண்டியதில்லை, அதே தெருவில், அதே நேரத்துக்கு எழுகிறவராக இருந்தால் போதும். பால் வாங்கும் இடத்தில் தினமும் தலையசைக்கிறீர்களே, அவரிடம் "நாளைக்கு ஆறு மணிக்குக் கிரவுண்டுக்குப் போறேன், வர்றீங்களா சார்?" என்று கேட்டுப்பாருங்கள். மறுத்தால் ஒன்றும் குடிமுழுகாது, அடுத்தவரைக் கேட்கலாம்.

மனைவியையே கூட்டிக்கொண்டு போகலாமே என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாக, ஆனால் அவருக்கும் அது பிடித்திருக்க வேண்டும், அவருடைய ஒரே ஓய்வு நேரத்தை உங்கள் மனநலத்துக்குக் கேட்பதாக ஆகிவிடக் கூடாது. தனியாகவோ இன்னொருவரோடோ கிளம்புகிறீர்கள் என்றால் அந்த அரை மணிக்கு ஈடாக ஒரு வேலையை உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். முந்தைய இரவே காய் நறுக்கி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைப்பது, யூனிபார்ம் இஸ்திரி, அல்லது திரும்பி வந்ததும் பள்ளி வேன் வரை பிள்ளையைக் கொண்டுபோய் விடுவது. இதை வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டு ஷூ வாங்கப் போங்கள்.